கணக்குப் போட்டவள்

கார்டன் ரீச்சில் ஆற்றை ஒட்டி இருந்த அந்தப் பட்டறையில் கோவிந்தராஜனுடைய கைக்கு ஒரு மரியாதை இருந்தது. அவன் தகட்டை மடித்தால் விளிம்பு நூல் பிடித்த மாதிரி நிற்கும். தட்டித் தட்டி ஒரு வளைவைக் கொண்டுவந்தால், அதன்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்க்க மற்ற பிரிவுக்காரர்கள்கூட வருவார்கள். அரக்கோணத்திலிருந்து பதினேழு வயதில் கல்கத்தா வந்தவன். கிதிர்ப்பூரில் தகரப்பெட்டி செய்கிற கடையில் ஐந்து வருஷம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் இங்கே சேர்ந்தான். கப்பலுக்கு வேண்டிய காற்றுக் குழாய், புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அங்கே செய்தார்கள். கையால் ஆகவேண்டிய எதுவும் அவனுக்குச் சிரமமாக இருந்ததில்லை.

சிரமமெல்லாம் சுத்தியலை எடுப்பதற்கு முன்னால்தான். தட்டையாகக் கிடக்கிற தகட்டை எந்த வடிவத்தில், எந்த அளவில் வெட்டினால் அதை வளைத்துச் சேர்க்கும்போது கேட்ட கூம்போ குழாயோ வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் கணக்கு வேண்டும். கோவிந்தராஜன் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன். அவன் செய்தது வேறு வழி. பழைய செய்தித்தாளைக் கத்தரித்து ஒட்டிப் பார்ப்பான். சரியாக வராவிட்டால் இன்னொரு தாள். அதுவும் வராவிட்டால் இன்னொன்று. மற்றவர்கள் அரை மணியில் கோடு போட்டுவிட்டு வெட்டப் போகும்போது அவன் அரைநாள் காகிதத்தோடு மல்லுக்கட்டுவான். கடைசியில் அவன் செய்து முடிக்கிற சாமான்தான் எல்லாவற்றையும்விட அழகாக இருக்கும். ஆனாலும் அந்த அரைநாள் அவனுக்கு அவமானமாக இருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் ஒருநாள் அவன் ஒரு வரைபடத்தை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அவனுக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு வரை வேலை. தாராதலாவில் பஸ் மாறி பெஹாலாவில் இருந்த வீட்டுக்கு வரும்போது மூன்று மணி ஆகும். அன்று சாப்பிட்ட கையோடு தரையில் செய்தித்தாளைப் பரப்பி உட்கார்ந்தான். இரண்டு வயது விஜயலக்ஷ்மி வெட்டி எறிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆண்டாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"என்னங்க இது, காலையிலதான் பழைய பேப்பர்காரனுக்குப் போடலாம்னு கட்டி வச்சேன்."

"ஒரு மூடி செய்யணும். காத்துக் குழாய்க்கு மேல வைக்கிறது. கூம்பு மாதிரி. அடி அறுநூறு மில்லி, உசரம் நானூறு. காகிதத்துல வரமாட்டேங்குது."

அவள் குனிந்து வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு அவன் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினாள்.

"அடி அறுநூறுன்னா பாதி முந்நூறு. உசரம் நானூறு. அப்போ சரிவு ஐந்நூறு."

"எப்படிச் சொல்றே?"

"முந்நூறை முந்நூறால பெருக்குங்க, நானூறை நானூறால பெருக்குங்க, ரெண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்க. ஐந்நூறு." அவள் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனாள். "ஐந்நூறு ஆரத்துல ஒரு வட்டம் போடுங்க. அதுல இருநூத்திப் பதினாறு டிகிரி மட்டும் வச்சிக்கிட்டு மிச்சத்தை வெட்டி எடுத்துடுங்க. வளைச்சா உங்க மூடி வரும். மடிப்புக்கு எவ்வளவு விடணும்னு எனக்குத் தெரியாது, அது உங்க கைப்பக்குவம்."

காபி ஆறுவதற்குள் அவள் சொன்ன அளவைச் சின்னதாக்கி அவன் காகிதத்தில் வெட்டிப் பார்த்தான். இரண்டு ஓரத்தையும் சேர்த்தபோது கூம்பு எழுந்து நின்றது. குழந்தை அதைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டது. கோவிந்தராஜன் வாய்விட்டுச் சிரித்தான். ஆண்டாளும் சிரித்தாள்.

அவள் டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே ஒரு சினிமா ஸ்டூடியோவில் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராம் வகுப்பு ஹையர் செகண்டரியில் ஆண்டாள் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியபோது, மேலே படிக்க வைக்கலாமா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததும் பேச்சு நின்றது. அடுத்த ஆவணியில் கல்யாணம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவளுக்குக் கணக்கு வரும் என்பதைப் பற்றிக் கோவிந்தராஜன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் மூடி ஒரே வெட்டில் பொருந்தியது. அதன்பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வரைபடம் சாப்பாட்டுப் பையில் வந்தது. மூன்றரை மணிக்கு ஆண்டாள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். சதுரமாகத் தொடங்கி வட்டமாக முடிகிற குழாய், சாய்வாக வெட்டிய குழாய், ஒன்றன்மேல் ஒன்றாகத் துண்டுகளை வைத்து இறால் முதுகு மாதிரி வளைக்கிற குழாய் என்று எதைக் கொண்டுவந்தாலும் அவளுக்குப் பிடித்திருந்தது. சில கணக்குகள் சிக்கும். அப்போது அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். உதட்டைக் கடித்துக்கொள்வாள், கூப்பிட்டால் காது கேட்காது. விடை வந்ததும், "ஹோயே கேலோ!" என்று வங்காளத்தில் கத்துவாள். முடிந்துவிட்டது என்று அர்த்தம். சந்தோஷம் வந்தால் அவளுக்கு வங்காளம்தான் வரும்.

"ஒருநாள் என்னைப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போங்களேன். நான் போட்டதெல்லாம் இரும்பா எப்படி இருக்குதுன்னு பாக்கணும்."

"பொம்பளைங்களை உள்ள விடமாட்டாங்க," என்றான்.

எந்திரங்களுக்குப் பூஜை போடுகிற விஸ்வகர்மா பூஜை அன்று வருஷாவருஷம் தொழிலாளிகள் வீட்டுப் பெண்கள் எல்லாம் வருவார்கள் என்பதை அவன் சொல்லவில்லை.

ஒரு காரியம் அவன் தவறாமல் செய்தான். அவள் எழுதிய தாளை அப்படியே எடுத்துப் போகமாட்டான். தன் நோட்டில் தன் கையெழுத்தில் ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதிக்கொள்வான். கூட்டல் குறி, பெருக்கல் குறி, பின்னத்துக்கு நடுவே இழுத்த கோடு ஒன்றும் விடமாட்டான். ஏன் கூட்டினாள், எதற்குப் பெருக்கினாள் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இரண்டொரு தடவை அவளாகவே, "இது எதுக்குன்னா..." என்று தொடங்கினாள். "அதெல்லாம் எனக்கெதுக்கு, விடையைச் சொல்லு," என்று அவன் தட்டிவிட்டான். படத்தைப் பார்த்துப் படம் வரைகிறவன் மாதிரி நோட்டை நிரப்பினான்.

எழுபத்துநான்கில் அவனைச் சார்ஜ்மேன் ஆக்கினார்கள். அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேர். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த தகட்டுக்காரன் என்று பெயர் பரவிவிட்டது. ஆண்டாளுக்குப் பச்சைக் கரை போட்ட தாங்கைல் புடவை ஒன்று வாங்கிக்கொடுத்தான். அவள் அதைக் கட்டிக்கொண்டு, "சார்ஜ்மேன் வீட்டம்மா எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள். அவள் மனசில் வஞ்சனை இல்லை. உயர்வு இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்திருந்தாள்.

டிராயிங் ஆபீசுக்குத் தலைவராக இருந்தவர் ஸ்ரீனிவாசராகவன். கும்பகோணத்துக்காரர், கோபமே வராத மனிதர். மறு வருஷம் மார்ச்சில் ஒருநாள் அவர் கோவிந்தராஜனைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அவனுடைய நோட்டு விரிந்து கிடந்தது.

"இந்தக் கணக்கெல்லாம் யாருப்பா போடறது?"

"நான்தான் சார்."

"பேஷ். காலேஜ்ல படிச்சவாளே இத்தனை சுருக்கா போடமாட்டா. யார்கிட்ட கத்துண்டே?"

"தானா வந்தது சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஒரு சமாசாரம் சொல்றேன், உனக்குள்ள இருக்கட்டும். இங்க டிரேசர் வேலைக்கு ரெண்டு இடம் வரது. வரைபடத்தைப் பிரதி எடுத்து அளவுக் கணக்குப் போடணும், அவ்வளவுதான். ஹையர் செகண்டரியில கணக்கு எடுத்திருந்தாப் போறும், முப்பது வயசுக்குள்ள இருக்கணும். மிச்சத்தை நாங்க சொல்லிக் கொடுத்துப்போம். பொண்களையும் எடுக்கலாம்னு மேலிடத்துல உத்தரவு. நம்ம மனுஷா யாராவது இருந்தா நன்னாருக்கும். உங்க ஆத்துல, அக்கம் பக்கத்துல, கணக்கு வர பொண்ணு யாராவது இருக்காளா?"

ஆண்டாளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

கோவிந்தராஜனுக்கு உள்ளங்கை வேர்த்தது. அவள் இந்த அறையில் ஒரு மேஜையில் உட்காருவதை நினைத்துப் பார்த்தான். இரண்டே நாளில் அந்த நோட்டு யாருடையது என்று ஸ்ரீனிவாசராகவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் பட்டறைக்குத் தெரியும். அவனுக்குக் கீழே வேலை செய்கிற பன்னிரண்டு பேருக்கும் தெரியும். பெண்டாட்டி போட்ட கணக்கில் சார்ஜ்மேன் ஆனவன்.

"யாரும் இல்ல சார்," என்றான்.

"அப்படியா? சரி, போ."

பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். குழந்தைக்கு ஐந்து வயதுதான் ஆகிறது. பஸ்ஸில் பெண்கள் ஏற முடிகிற கூட்டமா? கலவரமெல்லாம் ஓய்ந்து ஊர் இப்போதுதான் வெடிகுண்டுச் சத்தம் இல்லாமல் தூங்க ஆரம்பித்திருக்கிறது. எல்லாம் உண்மைதான். அதில் ஒன்றுகூட அவன் 'இல்லை' என்று சொன்னதற்குக் காரணமில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் ஆண்டாள், "இன்னைக்கு ஒண்ணும் கொண்டுவரலியா?" என்று பையைத் துழாவினாள். "இல்ல," என்றான். அதையும் சேர்த்து அன்றைக்கு இரண்டு தடவை அந்த வார்த்தையைச் சொன்னான்.

இரண்டு வருஷம் ஓடியது. அந்த இரண்டு இடத்துக்கும் இரண்டு வங்காளிப் பெண்கள் வந்தார்கள்.

எழுபத்தேழு செப்டம்பரில் விஜயலக்ஷ்மி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சேதியோடு வந்தாள். அவளோடு படிக்கிற பெண்ணின் அப்பாவும் கார்டன் ரீச்சில்தான் வேலை. விஸ்வகர்மா பூஜைக்கு வீட்டோடு போவார்களாம், கிச்சுடிச் சோறு போடுவார்களாம். "பாபா, நாம மட்டும் ஏன் போறதே இல்ல?"

ஆண்டாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "பொம்பளைங்களை விடமாட்டாங்கன்னு சொன்னீங்க?"

"பூஜைக்கு விடுவாங்க போல," என்றான்.

பச்சைக் கரைப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் வந்தாள். அன்று பட்டறையில் எந்த எந்திரமும் ஓடவில்லை. தகட்டை உருட்டி வளைக்கிற ராட்சச உருளைகளுக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். ஆண்டாள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சுவரோரம் நின்றிருந்த ஒரு காற்றுக் குழாயைக் கண்டதும் நின்றாள். சதுரமாகத் தொடங்கி வட்டமாக முடிகிறது. "இது நம்மளுது," என்று அவன் காதருகே மெதுவாகச் சொன்னாள். அதன் மூலையைத் தொட்டுப் பார்த்தாள். "மடிப்பு எவ்வளவு சுத்தமா இருக்குது. நான் காகிதத்துல பாக்கறப்போ இப்படி இருக்கும்னே தெரியலைங்க." அவன் யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

டிராயிங் ஆபீஸையும் திறந்து வைத்திருந்தார்கள். அந்த இரண்டு டிரேசர் பெண்களில் ஒருத்தி, ரோஜா நிறப் புடவையில், வந்தவர்களுக்குச் சந்தேஷ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பலகையில் பாதி முடிந்த வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. ஆண்டாள் இனிப்பை வாங்கிக்கொண்டு வரைபடத்தையே பார்த்தாள். பிறகு வங்காளத்தில் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் பதில் சொன்னாள். ஆண்டாள் இன்னொன்று கேட்டாள். அந்தப் பெண் பென்சிலை எடுத்து ஓரத்தில் போட்டுக் காட்டினாள். ஆண்டாள், "இப்படிப் போட்டால் இன்னும் சுலபம் இல்லையா?" என்று தானும் இரண்டு கோடு இழுத்தாள். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்திருந்தபோது ஸ்ரீனிவாசராகவன் பின்னால் வந்து நின்றார்.

"நீங்க கோவிந்தராஜன் ஆத்துக்காரியா? கணக்கு படிச்சிருக்கேளா என்ன?"

"ஹையர் செகண்டரி சார். கணக்குல தொண்ணூத்தொண்ணு." சொல்லிவிட்டுக் கூச்சத்தில் சிரித்தாள்.

"அடடா!" அவர் கோவிந்தராஜன் பக்கம் திரும்பினார். "என்னப்பா, ரெண்டு வருஷம் முன்னாடி இந்த இடத்துக்குத்தானே உன்னைக் கேட்டேன்? உங்க ஆத்துல கணக்கு வர பொண்ணு இருக்காளான்னு? யாருமே இல்லேன்னியே?"

வெளியே மைக்கில் பாட்டு. அந்த வங்காளிப் பெண் தமிழ் புரியாமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆண்டாள் கையில் இருந்த சந்தேஷ் நசுங்கியது.

"நான்தான் சார் அப்படிச் சொல்லச் சொன்னேன்," என்றாள் ஆண்டாள். "பாப்பா அப்போ ரொம்பச் சின்னவ. வேலைக்கெல்லாம் முடியாதுன்னு நான்தான் சொன்னேன்."

"ஓ, அப்படியா," என்றார் அவர். அவன் முகத்தை இன்னும் ஒரு கணம் பார்த்துவிட்டு வேறு யாரையோ வரவேற்கப் போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார இடம் கிடைத்தது. பூஜைநாள் வானம் முழுக்கக் காற்றாடி. ஒவ்வொரு நூல் அறும்போதும் மொட்டை மாடிகளிலிருந்து "போ காட்டா!" என்று கத்தினார்கள். விஜயலக்ஷ்மியும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள். ஆண்டாள் வழிநெடுக அவள் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாளே தவிர, கோவிந்தராஜன் பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் புடவையை மாற்றிக்கொண்டு வந்துதான் கேட்டாள்.

"ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்."

"அவர் கேட்டப்போ மறந்துட்டீங்களா, வீட்டுக்கு வந்தப்புறம் மறந்துட்டீங்களா?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"வேண்டாம்னு நீங்க சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், அப்புறம் இருந்திருப்பேன். அப்படி ஒரு வேலை இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியக்கூடாதுன்னு நினைச்சிட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. "நான் உங்க நோட்டைப் பத்தி யார்கிட்டயாவது வாய் திறந்திருப்பேனா? அவ்வளவுதானா என்னைத் தெரியும்?"

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சமைத்தாள், குழந்தைக்குத் தலை பின்னினாள், அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். இனிமேல் கணக்குப் போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கொடுத்திருந்தால் போட்டிருப்பாள். அவனுக்குத்தான் வரைபடத்தை அவள் முன்னால் விரிக்க முகம் இல்லை. மூன்றரை மணிக்கு ஒரு பழக்கத்தில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வருவாள். அவன் செய்தித்தாளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். சில மாதங்களில் அந்த நேரத்துக்கு அவள் கூடத்துக்கு வருவதும் நின்றுபோனது.

பட்டறையில் அவன் பழைய நோட்டை வைத்து ஒப்பேற்றினான். ஐந்து வருஷத்துக் கணக்கு அதில் இருந்தது. புதிதாக எது வந்தாலும் அதே சாயலில் பழைய பக்கம் ஒன்றைத் தேடிப்பிடித்து, எண்ணை மட்டும் மாற்றிப் போடுவான். பெரும்பாலும் சரியாக வந்தது.

எழுபத்தெட்டில் மிதவை வேலை வந்தது. ஆற்றில் கப்பல் போகிற வழியைக் காட்ட மிதக்க விடுகிற பெரிய இரும்பு மிதவைகள், மொத்தம் எட்டு. நடுவில் உருளை, அடியில் கூம்பு. கூம்பை இன்னொரு பிரிவு செய்யும், உருளை கோவிந்தராஜன் பொறுப்பு. உட்புறம் இரண்டாயிரம் மில்லி குறுக்களவு, பன்னிரண்டு மில்லி தடிமனான தகடு. அவ்வளவு தடித்த தகட்டில் அவன் அதுவரை உருளை செய்ததில்லை. அவனுடைய வேலையெல்லாம் ஒன்றரை, இரண்டு மில்லித் தகடுதான்.

நோட்டில் ஒரு தொட்டிக் கணக்கைக் கண்டுபிடித்தான். உருளைதான். குறுக்களவோடு ஒன்றரையைக் கூட்டி, அதை மூன்று புள்ளி ஒன்று நான்கால் பெருக்கியிருந்தாள். அந்த ஒன்றரை எதற்கு? யோசித்துப் பார்த்தான். ஓரத்தை மடித்துக் கோத்துத் தட்டுவதற்கு விட்ட இடமாக இருக்கும் என்று தோன்றியது. இந்த மிதவையில் மடிப்பு கிடையாது, ஓரத்தோடு ஓரம் வைத்து வெல்டிங். அப்படியானால் கூட்ட வேண்டியதில்லை. இரண்டாயிரத்தை அப்படியே பெருக்கி, ஆறாயிரத்து இருநூற்று எண்பத்துமூன்று மில்லி நீளம் என்று சுண்ணக்கட்டியால் குறித்துக் கொடுத்தான். கோடு போடும்போது ஒருதரம் கை நின்றது. வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். தட்டு வைக்கும்போது, போகிற போக்கில் கேட்கலாம். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அன்று சாயங்காலம் அவள் எதிரில் உட்கார்ந்து காபி குடித்தான். வாய்வரை வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குக் கிளம்பிப் போனான்.

எட்டுத் தகட்டையும் வெட்டினார்கள். உருட்டி வளைத்தார்கள், சேர்த்து வெல்டிங் செய்தார்கள். வேலை கண்ணாடி மாதிரி இருந்தது. பதினெட்டு நாள் கழித்து முதல் கூம்பைக் கிரேனில் தூக்கிக்கொண்டுவந்து கவிழ்த்து நிறுத்திய உருளைமேல் இறக்கியபோது பொருந்தவில்லை. கூம்பின் விளிம்பு சுற்றிலும் ஆறு மில்லி வெளியே படி மாதிரி நின்றது. இரண்டாவதும் அப்படியே. எட்டும் அப்படியே. கூம்பு சரி, உருளை சின்னது. சோதனைக்கு வந்த அதிகாரி விரலை அந்தப் படியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிவப்புச் சாக்பீசால் ஒவ்வொன்றிலும் குறுக்குக் கோடு போட்டார். அவனுடைய ஆட்கள் பன்னிரண்டு பேரும் சுற்றி நின்றார்கள்.

ஸ்ரீனிவாசராகவன் நோட்டோடு கூப்பிட்டார். அவரே பக்கங்களைப் புரட்டினார்.

"தகடு வளையறச்சே உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும். நடுவுல இருக்கறதுதான் மாறாத நீளம். அதுக்காகத்தான் தடிமனைக் கூட்டணும். இதோ கூட்டியிருக்கே. இதோ, இங்கயும். அஞ்சு வருஷமா ஒரு இடத்துலகூட விடலையேப்பா. மெல்லிசுத் தகட்டுல விட்டாக்கூட ஒண்ணும் தெரியாது, அதுலயும் கூட்டியிருக்கே. இந்தப் பன்னண்டு மில்லியில போய் விடுவாளா யாராவது? பிளேட்டு முப்பத்தெட்டு மில்லி கட்டையாப் போச்சு."

கோவிந்தராஜன் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து வருஷம் அவன் கைப்பட எழுதிய அந்தக் கூட்டல் குறிகளுக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

"அது நான் போட்டது இல்ல சார்."

"பின்னே?"

"என் சம்சாரம். எல்லாம் அவ போட்டது. நான் பாத்து எழுதிக்கிட்டேன். இது ஒண்ணுதான் நானா போட்டது."

ஸ்ரீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்குப் பூஜையில உன் ஆத்துக்காரி... நான்தான் வேண்டாம்னேன்னு சொன்னாளே?"

"அவளுக்குத் தெரியவே தெரியாது சார். நான் சொல்லல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கோவிந்தராஜனுக்கு நிற்கச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அவளுக்கு இப்போ என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார்.

"முப்பத்தொண்ணு."

"ஒரு வருஷம் தாண்டிடுத்து. எழுதிப் பாக்கறேன். ஒண்ணும் நடக்காது. ஆனாலும் எழுதிப் பாக்கறேன்."

அன்று வீட்டுக்கு வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் ஆண்டாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். மிதவையைச் சொன்னான், சிவப்புக் கோட்டைச் சொன்னான், ஸ்ரீனிவாசராகவனிடம் ஒப்புக்கொண்டதைச் சொன்னான். மார்ச் மாதம் அந்த அறையில் தன் உள்ளங்கை வேர்த்ததைக்கூட விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே, அவன் பையிலிருந்து எடுத்த மிதவை வரைபடத்தைக் கையில் வாங்கினாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பன்னெண்டு மில்லி," என்றாள். "நான் இங்கதானே இருந்தேன்."

அவனுக்கு அழுகை வந்தது. அவள் தேற்றவில்லை. எழுந்து போகவும் இல்லை. வரைபடத்தின் மடிப்புகளை விரலால் நீவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சார்ஜ்மேன் பதவி போனது. பழையபடி சுத்தியலும் தகடுமாக வரிசையில் நின்றான். ஸ்ரீனிவாசராகவன் எழுதிய கடிதத்துக்கு மூன்று மாதத்தில் பதில் வந்தது. வயது வரம்பைத் தளர்த்த இயலாது. அவர் அந்தத் தாளை அவனிடமே கொடுத்தனுப்பினார். ஆண்டாள் இரண்டு தடவை படித்தாள். "நல்ல மனுஷர், எழுதியிருக்காரே," என்று சொல்லி அலமாரியில் வைத்தாள்.

அந்த வருஷம் மழை வடிந்து ஊர் சேறாகக் கிடந்த நாட்களில்தான் அவன் அவளிடம் கேட்டான். விடை வேண்டாம், எதற்குக் கூட்டுகிறோம், எதற்குப் பெருக்குகிறோம் என்று சொல்லிக்கொடு என்றான். முப்பத்தொன்பது வயதுக்காரனுக்கு அவள் பின்னத்திலிருந்து தொடங்கினாள். எத்தனை தடவை தப்புப் போட்டாலும் கோபித்துக்கொள்ளமாட்டாள். திருத்திக் கொடுப்பாள். எல்லாம் முறையாக இருந்தது. அவன் மட்டும் அந்த "ஹோயே கேலோ" எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தான். அவனாக ஒரு கணக்கைச் சரியாகப் போட்டு நீட்டும்போது, "சரி," என்பாள். அவ்வளவுதான்.

மூன்று வருஷம் கழித்துப் பரீட்சை வைத்து அவனை மறுபடி சார்ஜ்மேன் ஆக்கினார்கள். இப்போது எந்த வரைபடமும் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்கு வருவதில்லை. பட்டறையில் வரைபடப் பலகை முன்னாலேயே நின்று போட்டுவிடுவான்.

எண்பத்துமூன்றில், மழைக்காலத்தில் ஒருநாள், ஒரு பெரிய புனலுக்கு அவன் கோடு போட்டு முடித்தபோது அர்ஜுனன் என்ற வெல்டர் கேட்டான். "அண்ணே, எங்க படிச்சீங்க இதெல்லாம்?"

"என் சம்சாரம் சொல்லிக் கொடுத்தது," என்றான் கோவிந்தராஜன். "முன்னாடியெல்லாம் அவதான் போடுவா. நான் பாத்து எழுதிக்குவேன். அவளை டிரேசர் வேலைக்குக் கேட்டாங்க. நான்தான் கெடுத்துட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் அதை வங்காளத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். அண்ணன் இந்த வயதிலும் அண்ணியை இப்படித் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறாரே என்றார்கள். "இல்ல, நிஜமாத்தான்," என்றான் அவன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

சாயங்காலம் ஆண்டாளிடம் சொன்னான். அவள் மாடிக்குப் போகக் கூடையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நிஜத்தைத்தான் சொன்னேன். ஒருத்தன்கூட நம்பல."

"இப்போ யார் நம்புவாங்க?" என்றாள். "அன்னைக்கு அவர் கேட்டப்போ சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, துணியெல்லாம் நனைந்துவிடும் என்று மாடிப்படி ஏறினாள். அவனும் பின்னாலேயே போனான். இரண்டு பேருமாகத் துணிகளை உருவி எடுத்தார்கள். தூறல் விழத் தொடங்கியிருந்தது.